கிளட்ச் ஏன் இவ்வளவு மேலே எடுக்குது?

ஜூன் 4

தம்பி ஒரு வேலையாக என் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போதே, "என்னண்ணா, கிளட்ச் இவ்வளவு மேலே எடுக்குது?" என்று கேட்டான். எனக்கு அப்படி எதுவும் தெரிந்ததில்லை. அவன் போன பிறகு வண்டியில் உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, காலை மெதுவாக எடுத்துப் பார்த்தேன். பெடல் முக்கால்வாசிக்கு மேல் வந்த பிறகுதான் வண்டி அசைகிறது. வாங்கின புதிதில் பாதியிலேயே நகரும், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாதக்கணக்கில் துளித்துளியாக ஏறியிருக்கிறது, தினமும் ஓட்டுகிற என் காலும் அதோடு சேர்ந்து பழகிவிட்டது. எப்போதோ ஒரு நாள் ஓட்டுகிறவனுக்கு ஒரே தெருவில் தெரிந்துவிட்டது.

ஜூன் 7

இன்று சந்தேகம் தீர்ந்தது. மேட்டில் நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினேன், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 2500லிருந்து 3500க்கு எகிறியது, வேக முள் மட்டும் 60லேயே நின்றது. காலைத் தளர்த்தியதும் திரும்பப் பிடித்துக்கொண்டது. முதல் கியரில் இப்படி ஆவதில்லை, ஏனென்றால் அதில் வண்டி லேசாக நகர்ந்துவிடும். பெரிய கியரில் மேட்டின் சுமை எஞ்சினை எதிர்த்து நிற்கும்போது, எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனதால், அதைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப் ஆகிறது. மேலே ஏறி நிறுத்தியபோது கருகல் வாசனை, பிரேக் அதிகம் சூடானால் வருமே அதே மாதிரி.

ஜூன் 8

என்னுடையது கேபிள் கிளட்ச், பெடலை அழுத்தினால் ஒரு கம்பிதான் கிளட்சை இழுக்கும். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன். பெடலைக் கையால் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் சும்மா ஆட வேண்டும், அந்த விளையாட்டே இல்லை. அப்படியென்றால் காலை எடுத்தாலும், கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், பிளேட்டை இறுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை லேசாக அழுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நட்டைத் தளர்த்தி விளையாட்டு வைத்தேன். சாயங்காலம் அதே மேடு, அதே ஸ்லிப், கொஞ்சம் குறைந்திருந்தது அவ்வளவுதான்.

அப்புறம் சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு கிளட்சை விட்டேன். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் உடனே அணைய வேண்டும். இது இரண்டு மூன்று விநாடி இழுத்துக்கொண்டு ஓடி, பிறகுதான் அணைந்தது. ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் கருகும்.

ஜூன் 13

இன்று மெக்கானிக் கடையில், கிளட்சை வெளியே எடுக்க கியர்பாக்ஸை இறக்கினார்கள். இறக்கும்போது கூடவே நின்றேன். பழைய பிளேட்டை மெக்கானிக் என் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க சார்" என்றார். புது பிளேட்டில் ரிவெட் தலைகள் குழிக்குள் இருக்கும், விரல் நுனி அதில் இறங்கும். பழையதில் குழியே இல்லை. விரலை ஓட்டினால் லைனிங்கும் (உராய்ந்து பிடிக்கிற மேல்பூச்சும்) ரிவெட்டும் ஒரே மட்டமாக, வழவழவென்று, கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிளேட் உராய்கிற எஞ்சின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலை ரிவெட் கீறியிருக்கும். ஃப்ளைவீலில் கோடு எதுவும் இல்லை, சூட்டினால் வந்த நீலத் திட்டுகள் அங்கங்கே இருந்தன. அதைக் கடைசலுக்கு அனுப்பி முகத்தை லேசாகச் சீவி வாங்கச் சொன்னேன். எண்ணெய் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருக்குமோ என்ற பயமும் இருந்தது, நல்லவேளை உள்ளே காய்ந்துதான் கிடந்தது.

பிளேட் மட்டும் போதுமா, மூன்றும் மாற்றணுமா என்று கேட்டார். ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினேன், உள்ளே மணல் இருப்பது போல நெறுநெறுவென்றது. அது ஒன்றுக்காக நாளைக்கு இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்குவதா? பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூடவே கேபிளும் மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த வேலையில் பெரும்பாடு இறக்கி ஏற்றுவதுதான்.

ஜூன் 15

வண்டி வந்தது. பெடல் இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. முதல் நாள் இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது, என் கால் இன்னும் பழைய இடத்திலேயே தேடுகிறது. புது லைனிங் படிய வேண்டும், முதல் 500 கிலோமீட்டருக்கு வேகமாகக் கிளப்பாதீர்கள், மேட்டில் பெடலைப் பாதி அழுத்தியபடி ஹாஃப் கிளட்சில் நிறுத்தாதீர்கள் என்று மெக்கானிக் சொல்லியனுப்பினார்.

ஜூன் 29

530 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இந்த இரண்டு வாரமும் இடது காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். நெரிசலில் கியர் மாற்றின பிறகும் அது பெடல் மேலேயே படுத்துக் கிடக்கிறது, எத்தனை வருஷமாக இப்படியோ. பழைய பிளேட்டைத் தேய்த்ததில் இதற்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் கால் வைப்பதற்கென்று இருக்கிற திட்டில் எடுத்து வைக்கிறேன். மேட்டில் வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக்.

சாயங்காலம் தம்பியையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதே மேடு, நான்காவது கியர். "அழுத்துடா" என்றேன். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறின.