பேலட் மரம்: 56 டிகிரி எங்கே அளக்கணும்?

ஏற்றுமதி பேலட்டுக்கான (சரக்கை அடுக்கும் மரத் தட்டு) ஐ.எஸ்.பி.எம். 15, அதாவது மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி, கேட்பது மரத்தின் நடுப்பகுதியில் 56 டிகிரி செல்சியஸ், இடைவிடாமல் 30 நிமிடம். மரத்தைச் சூடேற்றும் அறையின் (சேம்பர்) காற்றுச் சூட்டை அல்ல!

தவறு பெரும்பாலும் சூட்டை அளக்கும் சென்சாரைப் பொருத்துவதில்தான். இருப்பதிலேயே தடிமனான கட்டையில், சேம்பரில் சூடு கடைசியாக ஏறும் இடத்தில், நடுமையம் வரை துளையிட்டுச் செருகுங்கள். நீளப் பலகையென்றால் முனையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. உள்ளே. துளையை அடைக்காவிட்டால் வெங்காற்று புகுந்து பொய் அளவு காட்டும். குறைந்தது இரண்டு சென்சார் வேண்டும். இடையில் சூடு 55-க்கு இறங்கினால் 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ணணும்.

பட்டை 3 செ.மீ.க்கு மேல் அகலமாக ஒட்டியிருந்தால் ஒவ்வொரு துண்டும் 50 சதுர செ.மீ.க்குள் இருக்கணும். சூடேற்றிய மரம் என்று காட்டும் ‘எச்.டி.’ முத்திரைக்குச் சிவப்பு, ஆரஞ்சு மை கூடாது.

இன்னொன்று: சூடேற்றிய மரம் உலர்ந்த மரம் அல்ல. ஈரத்தோடு கன்டெய்னரில் ஏற்றினால் பூஞ்சை பிடிக்கும்.