தொர போட்ட கேள்விக்குறி

எங்க தேயிலத் தோட்டம் இலங்கை மலைநாட்டுல, தலவாக்கலைக்கு மேல. சிக்னல்னா மாரியம்மன் கோயில் மேட்டுலயும் தொர (தோட்டத்து மேனேஜர்) பங்களா கேட்டுகிட்டயும் மட்டுந்தான், மூட்டம் போட்டா அதுவும் இல்ல. இந்த லட்சணத்துல ஆபீசுக்குன்னு ஒரு வட்ஸ்அப் குரூப் போடணும்னு பெரிய தொரைக்கு தோணிச்சு பாருங்க.

தொர கத்தமாட்டார், அதுதான் பயமே. நாம சொல்றத கேட்டுட்டு "ம்"ம்பார், கண்ணாடிய கழட்டி தொடைப்பார். அது நல்ல "ம்"மா கெட்ட "ம்"மான்னு பங்களா சமையக்கார அப்புகிட்டதான் கேட்டு தெரிஞ்சிக்கணும். வெள்ளக்கார தொரமார் போயாச்சு, 1975ல அரசாங்கம் தோட்டத்த எடுத்துச்சு, 1992ல கம்பனிகாரங்க வந்தாங்க, ஆனா ஜீப் சத்தம் கேட்டா ரோட்டு ஓரமா ஒதுங்கி நிக்கிற காலு மட்டும் மாறவே இல்ல.

ஜூலை மாச மழ. காலையில வேல பிரிச்சு குடுக்கிற பெரட்டுக்கு முன்னாடியே குரூப்ல தொர மெசேஜ். "?". அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

மொதல்ல பெரிய கிளாக்கரய்யா: "சேர், அந்த ரிப்போர்ட் இன்னைக்கு முடிச்சிருவேன் சேர்." எந்த ரிப்போர்ட்னு யாருக்குமே தெரியாது. அடுத்து டீமேக்கர், ஒரு கட்டுரையே எழுதிட்டார், கொழுந்து நனைஞ்சு வருது சேர், பாதி பாரம் தண்ணி, 100 கிலோ பச்ச கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயில நிக்கவேண்டியது நிக்கல, வாட்டவும் நேரம் எடுக்குதுன்னு. ஒடனே கணக்கப்பிள்ள, "நான் நிறுவையில தண்ணிக்கு கழிச்சிட்டுதான் சேர் போடுறேன்"னாரு (எவ்வளவு கழிக்கிறாருன்னு கொழுந்தெடுக்கிற பொம்பளைங்ககிட்ட கேக்கணும்). வாச்சர், "சேர் அந்த சவுக்கு மரம் காத்துல தான் விழுந்துச்சு." மரம் விழுந்ததே எங்களுக்கு அப்பதான் தெரியும். ட்ரைவர் ஒரு வொய்ஸ் கட், பெருமூச்சு விட்டுட்டு "மன்னிச்சிக்கிருங்க தொர." எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

எனக்கு ஒப்புக்க ஒண்ணும் இல்ல, ஆனா நான் மட்டும் பேசாம இருந்தா சந்தேகம் வரும்ல, அதால "ஓகே சேர்"னு போட்டுவச்சேன்.

தொர எல்லாத்தையும் படிச்சிட்டு "ம்"னு டைப் பண்ணினார்.

மூட்டம் வெலகினப்புறம் தான் மாட்டிகிட்டு இருந்த போட்டோ எறங்குச்சு. ஜீப் பின் சீட்டுல ஒரு கருப்பு குட. யாரோடதுன்னு கேட்டிருக்கார் மனுசன்!

மரப்பிடி போட்ட அந்த குட பெரிய கிளாக்கரய்யாவோடதுன்னு தோட்டத்துல நாய்க்கு கூட தெரியும். அவர் முந்திகிட்டு "என்னோடது இல்ல சேர்"னு போட்டுட்டு, அன்னைக்கு சாயங்காலம் அடமழையில தலையில உர பேக்க கவுத்துகிட்டு குவாட்டர்சுக்கு எறங்கினார். தொர ஆபீஸ் வராந்தாவுல நின்னு பாத்துகிட்டேதான் இருந்தார்.

அடுத்த திங்கக்கெழம விடிய திரும்ப ஒரு "?". நல்ல வெயில், ஃபுல் சிக்னல், போட்டோ ஒண்ணும் வரல. வரும் வரும்னு நாங்க பாத்துகிட்டு இருக்கையிலேயே டீமேக்கர் டைப் பண்ண ஆரம்பிச்சிட்டார்.