அப்புச்சியுடன் வெலிங்டனுக்கு

14 டிசம்பர் 2024, கோபிசெட்டிபாளையம்

அப்புச்சி (அம்மாவின் அப்பா) காலையிலேயே டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வெற்றி தினம், 1971 போரில் பாகிஸ்தானை வென்ற நாள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். "இந்த வருஷம் போயே ஆக வேண்டும் கண்ணு. அடுத்த வருஷம் இந்த மூட்டு மலை ஏற விடாது" என்றார். வயது எழுபத்தாறு.

அந்தப் போரில் மேற்கு முனையில் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த பச்சிமி ஸ்டார் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்க அம்மாயி (பாட்டி) கையில் எடுத்தார். அப்புச்சிக்கு வந்ததே கோபம்! பிடுங்கிக்கொண்டு, திருநீற்றை உள்ளங்கையில் கொட்டி, பழைய வேட்டித் துணியால் முனை முனையாகத் துடைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

15 டிசம்பர், இரவு

தூக்கம் வரவில்லை அவருக்கு. திண்ணையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 1971இல் இதே இரவில்தான் அவருடைய 16ஆவது மெட்ராஸ் பட்டாலியன் மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து சராஜ் சக் என்ற ஊரைப் பிடித்தது.

"ஆற்றுத் தண்ணீர் ஒன்றும் பெரிதில்லை சாமி. பயமெல்லாம் மண்ணுக்குள்தான்" என்றார். கண்ணிவெடி புதைத்த நிலம். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்திருக்கிறார்கள். அவருக்கு முன்னால் போனவர் ஒரு பவானிக்காரர்.

சின்ன வயதில் எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகும்போது, "என் அடி பார்த்து வாருங்கள்" என்று அதட்டுவார். பாம்புக்காகச் சொல்கிறார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

16 டிசம்பர், வெலிங்டன்

இருட்டோடு கிளம்பி சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம் வழியாக வந்தோம். பர்லியாறு தாண்டியதும் மப்ளரைக் கட்டிக்கொண்டார். மடியில் வாழை இலைப் பொட்டலம். உள்ளே எங்கள் வாசலில் பூத்த செவ்வந்தி.

பியூகிள் ஒலித்தபோது கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். மூட்டு நடுங்கியது, பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமென்ட் போர் முழக்கத்துக்கு அவருடைய உதடு மட்டும் அசைந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் இளம் சிப்பாய் வந்து, "ஐயா, எந்தப் பட்டாலியன்?" என்று கேட்டான். "பதினாறு. பசந்தர்." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பையன் குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான் பாருங்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

செவ்வந்தியை வைக்கும்போது பாதியை இலையிலேயே மடித்துக்கொண்டார். கேட்டதற்கு, "இது நாளைக்கு" என்றார்.

17 டிசம்பர், கோபி

இன்றுதான் விளங்கியது. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்த பிறகும் மேற்கே சண்டை ஓயவில்லை. 17ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான் போர்நிறுத்தம். பவானிக்காரர் உயிர் போனது 17ஆம் தேதி காலையில். நாடே வெற்றி கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். அவர் பெயரை இன்று எனக்குச் சொன்னார். இங்கே எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

காலையில் தடப்பள்ளி வாய்க்கால் படியில் இறங்கி மீதிப் பூவைத் தண்ணீரில் விட்டார். பதக்கத்தைப் பெட்டியில் வைக்கட்டுமா என்று அம்மாயி மூன்று தடவை கேட்டுவிட்டார். "இரு" என்பதற்கு மேல் பதில் இல்லை. சாயங்காலம் முழுக்கச் சட்டையில் குத்தியபடியே இருந்தது.

சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. கழற்றி என்னிடம் கொடுத்தார்.