டிரெஸ்டனிலிருந்து புடாபெஸ்ட் வரை: ஆறு மாணவர்கள், மூன்று நாணயங்கள்

பிராக் நகரில் யூரோவை மாற்றப் போகிறவர்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி, கமிஷன் கிடையாது என்று பெரிய எழுத்தில் அறிவிக்கும் நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. கமிஷன் கிடையாது என்பது உண்மைதான். கொள்ளை முழுவதும் மாற்று விகிதத்தில் நடக்கிறது. நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா (செக் நாணயம்). எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணா 100 யூரோவை நீட்டினார். திரும்பி வந்தது 1,900 கொருனா. பகுதிநேர வேலையில் மணிக்கணக்காக நின்று சம்பாதித்த பணத்தில் கிட்டத்தட்ட கால்வாசி அந்தச் சின்னக் கண்ணாடிச் சன்னலுக்குள் போய்விட்டது.

நல்லவேளையாக, உடன் வந்த அக்கா சட்டம் படிப்பவர். செக் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கிறது. 1,000 யூரோ வரை மாற்றியவர் மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் அதை ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ரசீது இருக்கிறதா அண்ணா? வாருங்கள், இப்போதே போய்விடலாம்" என்று முன்னால் நடந்தார். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முதலில் ஆங்கிலம் புரியாதவர்போல இருந்தார். பிறகு மேலாளர் இல்லை என்றார். அக்கா செல்பேசியில் அந்த விதியைச் செக் மொழியிலேயே எடுத்துக் காட்டி, "காவல்துறையைக் கூப்பிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். 100 யூரோவும் வந்துவிட்டது. ஆகவே ரசீதை எறிந்துவிடாதீர்கள். அதைவிட நல்ல வழி, வங்கிகளின் ஏ.டி.எம்.மில் கொருனாவாகவே எடுப்பது. உங்கள் நாணயத்தில் கணக்கிட்டுத் தரவா என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனில் படிக்கும் நாங்கள் ஆறு பேர்: நான்கு இந்தியர்கள், ஒரு வங்கதேசத் தோழர், ஒரு நைஜீரியத் தோழி. திட்டம் பிராக், ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, ஹங்கேரியின் புடாபெஸ்ட். வியன்னா வழியில்தான் இருக்கிறது என்றாலும் விடுதி வாடகையைப் பார்த்ததும் அதை நீக்கிவிட்டோம். ஜெர்மனியின் வதிவிட அனுமதி அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இருந்தால், தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை வைக்காத மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். உண்மையில் நாங்கள் ஏழு பேராகத்தான் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு தோழியின் அட்டை புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டது. கையிலிருந்த தற்காலிகச் சான்றிதழை நம்பி எல்லை தாண்ட அவள் துணியவில்லை. விடுதிக்குக் கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை. படிக்க வந்த பிள்ளைகளை ஓர் அட்டைக்காக மாதக்கணக்கில் காக்க வைப்பது அநியாயம்.

பிராக் போக விரைவு ரயில் தேவையே இல்லை. ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் மாணவர் வகை இருந்தால், எஸ்1 புறநகர் ரயிலில் எல்லையோர ஊரான பாட் ஷாண்டாவ் வரை போகலாம்; எல்லைக்கு அப்பால் உள்ள தூரத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதும். நேரம் கூடுதலாகும், ஆகட்டும். இடப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்பே நதி ரயிலோடு கூடவே வருகிறது. மறுகரையில் மணற்கல் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அண்ணா தவிர யாரும் தூங்கவில்லை. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்துக்குச் சூரியன் உதிக்கும் முன் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சிலைகளைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். தெருவெங்கும் விற்கும் சுருள் ரொட்டியில் சர்க்கரையைத் தவிர ஒன்றுமில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

பிராட்டிஸ்லாவாவைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாம் "அரை நாள் போதும்" என்றார்கள். தவறான ஆலோசனை. ஸ்லோவாக்கியாவில் 2009 முதல் யூரோதான், ஆகவே மாற்றுக் கடைத் தொல்லை கிடையாது. விடுதியும் சாப்பாடும் பிராகைவிட எங்களுக்கு மலிவாகவே கிடைத்தன. செம்மறியாட்டுப்பால் சீஸ் போட்ட ஹாலுஷ்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளைப் பன்றி இறைச்சி இல்லாமல் கேட்டோம். கொண்டுவந்து வைத்த அம்மா, ஆறு தட்டுகளும் காலியானதைப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கிண்ணம் சீஸ் வைத்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது டெவின் கோட்டையைப் பற்றி. டான்யூப் நதிப் பாலத்தின் அடியிலிருந்து நகரப் பஸ்ஸிலேயே போய்விடலாம். மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில் ஒரு பாறைமேல் நிற்கிறது கோட்டை. மொராவாவின் அக்கரை ஆஸ்திரியா. கல் எறிந்தால் விழும் தூரம்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த 1989 வரை இந்தக் கரை முழுவதும் முள்வேலியும் காவல் கோபுரங்களுமாக இருந்தது. தப்பிக்க முயன்று உயிரிழந்தவர்களுக்காக ஆற்றோரம் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே நின்றபோது சைக்கிளில் வந்த ஒரு குடும்பம் ஆஸ்திரியப் பக்கமிருந்து வந்ததாகச் சொன்னது. நைஜீரியத் தோழி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவளும் வந்திருக்க வேண்டும்" என்றாள். டிரெஸ்டனில் தங்கிவிட்ட தோழியைத்தான் சொன்னாள். பயணம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. நுழைவுக் கட்டணம் தர மனமில்லாதவர்கள் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தாலும் போதும்.

புடாபெஸ்ட் போன பஸ் மகா மோசம். இரண்டு மணி நேரம் தாமதம், கழிப்பறைக்குப் பூட்டு, கேட்டால் ஓட்டுநரிடம் பதிலில்லை. போய் இறங்கும்போது மெட்ரோ நின்றுவிட்டது. நிலைய வாசலில் ஒருவர் பெட்டிகளைத் தானே தூக்கிக் காரில் வைக்கத் தொடங்கினார். சில கிலோமீட்டருக்கு 60 யூரோ கேட்டார், அதுவும் ரொக்கமாக. புடாபெஸ்டில் உரிமம் உள்ள டாக்சிகள் மஞ்சள் நிறம். கட்டணத்தை நகர நிர்வாகமே நிர்ணயித்திருக்கிறது. இவர் கார் கறுப்பு. பெட்டிகளை இறக்கிக்கொண்டு இரவுப் பஸ்ஸில் போனோம். மறுநாள் காலைவரை அண்ணா அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

அதற்கெல்லாம் மருந்தாக அமைந்தது லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த தட்டையான மாவின்மேல் பூண்டு, புளித்த பாலாடை, துருவிய சீஸ். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். 1897இல் திறந்த பெரிய சந்தைக் கட்டடத்தின் மாடியில் விலை சுற்றுலாப் பயணிகளுக்கானது. பக்கத்துத் தெருக் கடைகளில் விசாரியுங்கள். நாங்கள் அதையே மதியமும் சாப்பிட்டோம், இரவும் சாப்பிட்டோம். செச்செனி வெந்நீர்க் குளத்துக்குப் பத்தாயிரம் ஃபோரிண்டுக்கு (ஹங்கேரி நாணயம்) மேல் கேட்டார்கள். 400 ஃபோரிண்ட் ஒரு யூரோ என்று வைத்துக்கொண்டாலும் தலைக்கு 25 யூரோவைத் தாண்டுகிறது, விட்டுவிட்டோம். அதற்குப் பதில் 2ஆம் எண் டிராமில் இருட்டிய பிறகு ஏறுங்கள். டான்யூப் கரையோரமாகவே போகிறது, எதிர்க்கரையில் அரண்மனை ஒளிர்கிறது. இறங்க மனமில்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம்.

திரும்பும் இரவுப் பஸ்ஸை ஜெர்மன் எல்லை தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. ஷெங்கனுக்குள்தானே என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு அட்டையோடு மட்டும் கிளம்பாதீர்கள். எங்களிடம் இரண்டையும் கேட்டார்கள். பஸ்ஸில் பலரின் ஆவணங்களை ஒரு பார்வையோடு திருப்பிக் கொடுத்தவர்கள், எங்கள் ஆறு பேரின் அட்டைகளை மட்டும் கீழே எடுத்துப்போய் அரை மணி நேரம் வைத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

பயணச் செலவு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 270 யூரோவுக்குள் முடிந்தது. சமையலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுத்ததில்தான் பெரிய மிச்சம். தோழியின் அட்டை போன வாரம் வந்துவிட்டது. வசந்தத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு டெவின் போகப் பஸ் டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை பகல் பஸ்.