டர்போ ஹைட்ராமேட்டிக் 350: பிரிப்பதற்கு நானே செய்த கருவிகள்

என் 1974 செவ்ரோலே சி10 பிக்கப்பில் இருப்பது டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மூன்று கியர், அலுமினிய உறை, கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, எல்லாமே ஆயில் அழுத்தமும் ஸ்பிரிங்கும் வால்வும்தான். 1969 மாடல் வண்டிகளில் வர ஆரம்பித்த இந்தப் பெட்டி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன குளிர்காலத்துக்கு முன்பே என்னுடையது மக்கர் பண்ணத் தொடங்கியது. ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு வினாடி யோசித்துவிட்டுத்தான் நகரும். மூன்றாவது கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் இரையும், வண்டி இழுக்காது. ரிவர்ஸும் மூன்றாவதும் சேர்ந்து படுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைரக்ட் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் தள்ளிப் பிடிக்கவைக்கும் பிளேட் அடுக்கு), ஏனென்றால் இரண்டு கியருக்கும் பொதுவாக இருப்பது அதுதான்.

இதைப் பிரிக்கத் தனியாகச் சில கருவிகள் உண்டு. கம்பெனி கையேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கருவி எண் இருக்கும். நான் இருப்பது மிச்சிகனில், லிவோனியாவுக்குப் பக்கத்தில். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை 1953 ஆகஸ்டில் எரிந்துபோன அதே ஊர். அதன் பிறகுதான் வேலை மிச்சிகனிலேயே இருக்கும் வில்லோ ரன்னுக்குப் போனது. இப்படிப்பட்ட பக்கம் என்பதால் பழைய கருவிகள் அவ்வப்போது கைக்கு வரும். ஆனால் கையேட்டுப் படங்களை நன்றாகப் பார்த்தபின் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். கருவி பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தை உறையை வார்த்தவர்களே கொடுத்திருக்கிறார்கள். மரை போட்ட துளை, பேன் (அடியில் இருக்கும் ஆயில் தட்டு) போல்ட்டின் துளை, நடுவில் இருக்கும் தண்டுத் துவாரம் என்று ஏதோ ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு ராடும் ஒரு பட்டையும் போதும்.

முதலில் நிறுத்தி வைக்க ஒரு இடம் வேண்டும். பெட்டி சுமார் 55 கிலோ. மேசையில் படுக்கவைத்தால் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது, முகத்தை மேலே பார்க்கவைத்து நிறுத்த வேண்டும். இரண்டு தடிப் பலகையை ஒட்டி, நடுவில் வட்டமாக வெட்டி, நான்கு கால் அடித்தேன். வால் பகுதி அந்த ஓட்டைக்குள் இறங்கி நிற்கும். அரை நாள் வேலை, ஆனால் இது இல்லாமல் மற்ற எதையும் ஆரம்பித்திருக்கவே கூடாது. நான் முதலில் தரையில் வைத்து ஆரம்பித்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

அடுத்து முன்பக்கம் இருக்கும் ஆயில் பம்ப். எட்டு போல்ட்டையும் கழற்றிய பிறகும் அசையாது, சுற்றியிருக்கும் சதுர ரப்பர் வளையம் உறையை அப்படிக் கவ்விக்கொண்டிருக்கும். பலர் ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்புகிறார்கள். அலுமினிய விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் கசியும், தயவுசெய்து செய்யாதீர்கள். எட்டுத் துளைகளில் எதிரெதிரான இரண்டில் மட்டும் பம்ப் உடம்பிலேயே 3/8-16 மரை (3/8 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 16 சுற்று) இருக்கிறது, இழுப்பதற்கென்றே வைத்தது. 3/8 அங்குல மரை ராட் இரண்டு துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றிலும் நடுவில் துளை போட்ட ஒரு கனமான இரும்பு உருளை, மேல்முனையில் வாஷரோடு இரண்டு நட்டு. அவ்வளவுதான். இரண்டையும் மாற்றி மாற்றி மேல்நோக்கி அடித்தால் பம்ப் சாயாமல் எழும்பி வருகிறது. ஒன்றையே அடித்தால் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, கையில் இருக்கிறதே என்று எம்10 (10 மி.மீ.) ராடைத் திருகிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று போய் இறுகி மரையைத் தின்றுவிடும்.

வெளிப்பக்கம் இருக்கும் 1-2 அக்யுமுலேட்டர் (முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவதை மென்மையாக்கும் பிஸ்டன்) மூடியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங், முன்னால் ஒரு வளையம். மூடியை உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் வளையம் வரும், அதற்கு மூன்றாவது கை வேண்டும். ஆங்கிள் துண்டு ஒன்றில் இரண்டு துளை போட்டு, பேன் உட்காரும் விளிம்பில் 5/16-18 போல்ட்டால் பிடித்து, மூடிக்கு நேராக நீளும் பட்டையில் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதில் ஒரு போல்ட். போல்ட்டைத் திருகினால் மூடி இறங்கும். பிடிக்கும் போல்ட் அலுமினிய மரையில் முழு ஆழமும் போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, என்னை உண்மையிலேயே படுத்தியது லோ-ரிவர்ஸ் பிஸ்டன், அதாவது லோவிலும் ரிவர்ஸிலும் பிடிக்கும் கிளட்ச்சைத் தள்ளுவது. அது உறையின் அடிமட்டத்தில் இருக்கிறது. மேலே இருந்த எல்லாவற்றையும் எடுத்து, வாலைக் கழற்றி, ஸ்பீடோமீட்டர் கியரைப் பிடிக்கும் கிளிப்பையும் எடுத்து, அவுட்புட் தண்டும் முன்பக்கமாக வெளியே வந்த பிறகுதான் அது கண்ணிலேயே படும். 17 சின்னச் சுருள் ஸ்பிரிங், அவற்றின் மேல் ஒரு தட்டு, தட்டைப் பிடித்து ஒரு சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்). கை முழங்கைவரை உள்ளே போகும் ஆழத்தில் அந்தத் தட்டைச் சமமாக அழுத்த வேண்டும்.

தண்டு போன துவாரம் காலியாக இருக்கிறது இல்லையா, அதன் வழியே 1/2 அங்குல மரை ராடை விட்டேன். கீழே வால் முகத்தில் ஒரு இரும்புப் பட்டை, மேலே ஸ்பிரிங் தட்டின் மேல் உட்கார ஒரு பைப் துண்டு, அதன் தலையில் குறுக்குப் பட்டையும் நட்டும். முதல் முயற்சியில் தட்டு அழகாக இறங்கியது, ஆனால் பைப்பின் சுவர் சர்க்ளிப்பை முழுதாக மறைத்துவிட்டது, பிளையர் நுழைய இடமே இல்லை. கழற்றி எடுத்துக் கிரைண்டரில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் வெட்டினேன். இரண்டாவது முயற்சியில் பைப் ஒரு பக்கம் நழுவி, தட்டு சாய்ந்து, மூன்று ஸ்பிரிங் படுத்துவிட்டன. ராட் துவாரத்தைவிட மிகச் சின்னது, அதனால் எங்கு வேண்டுமானாலும் ஒதுங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மரத்தில் இரண்டு வட்டத் தக்கை கடைந்து, நடுவில் 1/2 அங்குலத் துளை போட்டு, ஒன்றை வால் துவாரத்திலும் மற்றதைப் பைப்புக்குள்ளும் வைத்தேன். மூன்றாவது முறை நட்டை ஸ்பேனரால் ஆறேழு சுற்று திருகியதும் சர்க்ளிப் தளர்ந்து ஜன்னல் வழியே கையோடு வந்துவிட்டது. அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிஸ்டனை வெளியே எடுக்க நெம்பத் தேவையில்லை. ஆயில் வரும் துளையில் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விட்டால் தானே எழும்பும். மேலே தடித் துணி போட்டுவிட்டு விடுங்கள்.

இதே ராடும் பைப்பும் டைரக்ட் கிளட்ச் உட்காரும் டிரம்முக்கும் உதவின, அதன் நடுவும் துளைதான். முன்னோக்கிப் போகும் கியர்களுக்கான ஃபார்வர்ட் கிளட்ச்சின் டிரம்மில் இன்புட் தண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் ராட் போகாது. அதை டிரில் பிரஸ் மேசையில் தண்டு கீழே தொங்கும்படி வைத்து, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைப்பிடியால் பைப்பை அழுத்தினேன். டைரக்ட் கிளட்ச்சைத் திறந்ததும் நோய் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றி உதடு மாதிரி இருக்கும் ரப்பர் சீல்கள் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிட்டன, நகத்தால் வளைத்தால் ஒடிகின்றன. அழுத்தம் அந்த வழியே போய்விட்டால் பிளேட் எப்படிப் பிடிக்கும்? மூன்றாவதிலும் ரிவர்ஸிலும் நழுவியே பிளேட்கள் கருகியிருந்தன.

புதுச் சீலைப் போட்டுப் பிஸ்டனை இறக்குவதுதான் இந்த வேலையிலேயே மென்மையான இடம். சீலின் உதடு ஆயில் அழுத்தம் வரும் பக்கம், அதாவது டிரம்மின் அடியைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் பிஸ்டன் இறங்கும்போது அதே உதடுதான் முதலில் டிரம்மின் சுவரில் இடித்து மடிந்துகொள்கிறது. மடிந்ததைப் பார்க்காமல் அழுத்தினால் வெட்டுப்பட்டுவிடும், மறுபடி முழுப் பெட்டியையும் இறக்க வேண்டியதுதான். கையேட்டில் 0.020 அங்குல பியானோ கம்பியைச் செம்புக் குழாயில் நசுக்கிச் செய்யும் ஒரு கருவி இருக்கிறது. நான் அதே தடிமனில் ஒற்றைக் கிட்டார் கம்பி வாங்கி, சின்ன வளையமாக மடித்து, இரண்டு முனையையும் செம்புக் குழாயில் விட்டு வைஸில் நசுக்கினேன். பிஸ்டனை லேசாகச் சாய்த்து வைத்து, கம்பி வளையத்தால் உதட்டை உள்ளே தள்ளிக்கொண்டே ஒரு சுற்று வந்தால், ஒரு கட்டத்தில் பிஸ்டன் தன் எடையிலேயே சுழன்று இறங்கும். இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள், எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். எனக்கு டைரக்ட் பிஸ்டன் நாலாவது தடவைதான் இறங்கியது. வழுக்கலுக்கு வாசலின் போடலாம், அது ஆயிலில் கரைந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், கரையாமல் வால்வ்களில் போய் அடைக்கும்.

பம்ப்பின் இரண்டு பாதியையும் ஒன்றுக்கொன்று நேராகச் சேர்க்க ஒரு பட்டை வேண்டும். அந்தச் சுற்றளவுக்கு ஒரே ஹோஸ் கிளிப் கிடைக்காததால் மூன்றை ஒன்றோடொன்று கோத்து இறுக்கி, அதன் பிறகு போல்ட்களைச் சுமார் 18 அடி-பவுண்டுக்கு முறுக்கினேன். பம்ப்பை உறைக்குள் இறக்க, 5/16-18 நீளப் போல்ட் இரண்டின் தலையை வெட்டி, முனையில் ஸ்க்ரூட்ரைவர் பிடிக்க ஒரு கோடு போட்டு வழிகாட்டிக் குச்சி ஆக்கினேன். கேஸ்கெட் நகராமல் அதன்மேல் சறுக்கி இறங்குகிறது.

ஆயிலை வழிமாற்றிவிடும் வால்வ் பாடியும் அதன் 4 இரும்பு உருண்டைகளும் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு கிளட்ச்சின் துளையிலும் சுமார் 40 பிஎஸ்ஐ காற்று கொடுத்துப் பார்த்தேன். ஃபார்வர்ட் ‘தொப்’ என்று பிடித்தது. டைரக்ட் இன்னும் கனமான ‘தொப்’. லோ-ரிவர்ஸில் முதலில் லேசான சீறல் வந்தது, காற்றுத் துப்பாக்கியின் முனை சரியாகப் பதியவில்லை, ரப்பர் முனை மாட்டியதும் அதுவும் நின்றது. டயல் கேஜ் வைத்து இன்புட் தண்டின் முன்பின் ஆட்டத்தைப் பார்த்தேன், 0.028 அங்குலம். 0.010 முதல் 0.044 வரை இருக்கலாம் என்பதால் வாஷரை மாற்றவில்லை.

இப்போது பெட்டி மூடி ஸ்டாண்டில் நிற்கிறது. டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) உள்ளே போய்விட்டது, சுழற்றிக்கொண்டே தள்ளும்போது கடைசியாகப் பம்ப் கியரில் மாட்டி ‘டக்’ என்று இறங்கியதைக் கையில் உணர்ந்தேன். வண்டிக்குக் கீழே சாய்த்துத் தூக்கும்போது அது முன்னால் நழுவி அந்தப் பிடிப்பிலிருந்து விலகிவிடக் கூடாது, அதனால் இன்று காலை எஞ்சினோடு சேரும் பெல் முகத்தின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். மாட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் (எஞ்சினோடு சுழலும் தட்டு) நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட்டு மற்றதை எழுதுகிறேன்.