புறா கேமராவுக்காக ஒரு ராத்திரி கூடுதல் வாடகை

ஊர் திரும்பி இரண்டு நாளாகிறது, அந்த மீன் பில்லை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சுவிட்சர்லாந்தின் வெவே நகரில், ஏரிக்கரை உணவகம் ஒன்றில் கட்டைவிரல் தண்டி பெர்ச் மீன் துண்டுகள் சில. 42 பிராங்க்! நம்ம காசுக்கு நாலாயிரத்துக்கும் மேல். எலுமிச்சையைப் பிழிந்தபோதே பயமாகத்தான் இருந்தது.

போன காரியம் வேறு. அங்குள்ள கேமரா அருங்காட்சியகத்தில் புறா கேமரா பார்க்கவேண்டும். திங்கள்கிழமை போய் இறங்கினேன், பூட்டியிருந்தது. முன்னாலேயே விசாரிக்காதது என் தப்புதான். ஒரு ராத்திரி கூடுதல் வாடகை தண்டம்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் யூலியுஸ் நொய்ப்ரோனர் என்ற ஜெர்மானிய மருந்துக்கடைக்காரர். மருந்தைப் புறாவில் கட்டி அனுப்பியவர். ஒருமுறை பனிமூட்டத்தில் தொலைந்த புறா நாலு வாரம் கழித்து நன்றாகக் கொழுத்துத் திரும்பி வந்ததாம். எங்கே சுற்றியது என்று தெரிந்துகொள்ள நெஞ்சில் கேமராவையே மாட்டிவிட்டார்! ரப்பர் குமிழை அழுத்திக் கேமராவுக்குள் காற்றை ஏற்றிவிட வேண்டும். காற்று மெல்லக் கசிந்து தீரும்போது ஷட்டர் விழுந்து படம் பதிவாகும். புறா 75 கிராம் தூக்காது என்று காப்புரிமை அலுவலகம் முதலில் மறுத்தது. அத்தாட்சிக்குப் படங்களை அனுப்பி, 1908 டிசம்பரில் வாங்கிவிட்டார். அவர் புறா எடுத்த குரோன்பெர்க் அரண்மனைப் படத்தில் இரண்டு ஓரமும் இறக்கை நுனி தெரியும். அதுதான் என்னை இழுத்தது.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன். இங்கே இருப்பது கிறிஸ்டியன் அட்ரியன் மிஷெல் என்ற சுவிஸ்காரருடைய சரக்கு. 1930களில் இவர் நொய்ப்ரோனருடைய கேமராவை 16 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றினார், எடை 70 கிராம், ஒரு பெரிய கோழிமுட்டை கனம். ராணுவத்துக்குக் கொடுக்க நினைத்தார். தயாரித்துத் தர கம்பெனி அமையவில்லை. சுமார் 100தான் செய்தார்கள். சோதனைக்கு எடுத்த படங்கள் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10க்கு 34 மி.மீ.; அகலம் என் சுண்டுவிரல் நகம்தான். கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். இன்றைய டிரோன் படங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு இதுதான் ஒசத்தி. மீனுக்கு அழுத காசுக்கு இதை நாலு தடவை பார்த்திருப்பேன்.

அப்புறம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் வாங்கி, ஏரிக்குள் நட்டிருக்கும் எட்டு மீட்டர் முள்கரண்டிச் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து தின்றேன். மீனைவிட ருசி.

போகிறவர்களுக்கு: ஜெனீவாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ராத்திரி தங்கினால் விடுதியில் உள்ளூர் பஸ்ஸுக்கு இலவச அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்தது மூன்றாவது டிக்கெட் எடுத்த பிறகு.