பாட்டின் நடுவே பிள்ளைகள்: றம்பொடை மலையில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை

கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ5 வீதியில், புசல்லாவையைத் தாண்டி றம்பொடையை நெருங்கும்போதே பஸ்ஸில் இருக்கிறவர்கள் கைகூப்பத் தொடங்கிவிடுவார்கள். சின்மயா மிஷன் எழுப்பிய பக்த அனுமன் கோயில் அங்கேதான். சீதையைத் தேடி வந்த அனுமன் கால்பதித்த மலை இது என்பது நம் சனங்களின் நம்பிக்கை. முற்றத்தில் நின்றால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும், பனிமூட்டம் விட்டால்.

தரிசனம் முடித்து, மகளையும் அவளுடைய அம்மாயியையும் கூட்டிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து மண்டபமொன்றில் நடந்த ஆன்மிக முகாமுக்குப் போனேன். வழக்கமாக இப்படியான இடங்களில் பெரியவர்களுக்குச் சொற்பொழிவு. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் வண்ணம் தீட்ட உட்கார்த்திவிடுவார்கள். எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. இங்கே பிள்ளைகளைத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். நாங்கள் சுற்றி அமர்ந்தோம்.

காலையில் பஞ்சபுராணம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, அந்த வரிசை மாறாமல். அறநெறிப் பாடசாலை டீச்சர் தாளைக் கையில் கொடுக்கவேயில்லை. அவர் ஓரடி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட, காதாலேயே பாடம் ஏறியது. சம்பந்தர் திருக்கோணமலையைப் பாடிய பதிகம் வந்தபோது, ஆர்ப்பரிக்கும் கடல் முத்தைக் கொழிக்கும் என்று டீச்சர் விளக்கினார். அந்தப் பிள்ளைகளில் பலர் கடலைக் கண்டதில்லை. “டீச்சர், றம்பொடை அருவியவிட சத்தமா இருக்குமா?” என்று ஒரு பையன் கேட்டான். “மழைக்காலத்துல அருவி போடுற சத்தத்த மனசுல வச்சிக்கிட்டுப் பாடுங்க, புள்ளைகளா” என்றார். அடுத்த முறை அந்த அடியை அவர்கள் பாடியதைக் கேட்டு அம்மாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பகலில் பூக்கட்டல், கோலம், வானரங்கள் அணை கட்டும் சின்ன நாடகம். மல்லித்தண்ணியும் ரொட்டியும் கட்டைச்சம்பலும் தந்தார்கள். அந்தக் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

மாலை பஜனைக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும் வந்திருந்தன. தோட்டத்துத் தாத்தா ஒருவர் தப்பு என்னும் பறையோடு வாசலில் தயங்கி நின்றார். மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கிறவராம். முகாமை நடத்தியவர் எழுந்துபோய் அவரை உள்ளே அழைத்து வந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அமர்த்தினார். சரியான காரியம். கோப்பிக் காலத்தில் கடல் தாண்டி வந்த நம் மூதாதையர் கொண்டுவந்த ஒலி அது. தேயிலை வருவதற்கு முன்பே இந்த மலைகளில் கேட்டது. இறைவன் சந்நிதியில் அதற்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்? நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து அவர் முதல் அடி போட்டதும், அதுவரை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடி நடை மாற மாறப் பிள்ளைகளின் கைத்தாளமும் மாறியது. முருகன் நாமாவளிக்கு மண்டபமே எழுந்து நின்றது.

மார்கழியில் விடியற்காலை லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றித் திருவெம்பாவை பாடிப்போகும் பஜனையில், இந்த முறை இந்தப் பிள்ளைகளையே முன்னால் விடுவதென்று அம்மாமார் அங்கேயே பேசி முடிவெடுத்தார்கள். தப்புக்காரத் தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.